மறதி நோயும் மாத்திரைப் பெட்டியும்

நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டங்களில் ஒரு காலத்தில் பிள்ளைகளின் பள்ளி அட்மிஷன், ஊருக்குப் போகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட், நல்ல புளி எந்தக் கடையில் கிடைக்கும் என்பவைதான் பேச்சாக இருக்கும். இப்போது பேச்சு மாறிவிட்டது. ஊரில் தனியாக இருந்த அப்பாவையோ அம்மாவையோ தில்லிக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மில் பல. அவர்களில் சிலருடைய வீட்டில் மறதி நோயும் கூடவே வந்து சேர்ந்திருக்கிறது. 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கிறது.

நான் டாக்டர் அல்ல. தணிக்கைத் துறையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். என் அம்மா மயிலாடுதுறையிலிருந்து 2017-ல், தமது 76-வது வயதில் எங்களிடம் வந்தார்கள். 2018-ல் அல்சைமர் நோய் என்று தெரிந்தது. 2023-ல் காலமானார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் நோயைவிட மாத்திரைகளின் பக்க விளைவுகளே எங்களை அதிகம் அலைய வைத்தன. அப்போது டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டவற்றை மற்றக் குடும்பங்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நோயாளி சொல்ல மாட்டார்

நமக்கு ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், "இதைப் போட்டதிலிருந்து குமட்டுகிறது" என்று உடனே சொல்லிவிடுவோம். மறதி நோய் உள்ளவரால் அப்படிச் சொல்ல முடியாது. மாத்திரை போட்டதே நினைவிருக்காது. குமட்டினால் தட்டைத் தள்ளிவிடுவார். மலச்சிக்கல் என்றால் எரிந்து விழுவார். தலை சுற்றினால் நடக்க மறுப்பார். நாம் என்ன நினைப்போம்? "நோய் முற்றிவிட்டது, பிடிவாதம் அதிகமாகிவிட்டது" என்று நினைப்போம்.

இங்கேதான் ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அல்சைமர் நோய் மெதுவாக நகர்வது. மாதங்களிலும் வருடங்களிலும்தான் அதன் மாற்றம் தெரியும். நேற்று வரை நன்றாக நடந்தவர் இன்று தள்ளாடினாலோ, போன வாரம் உங்களை அடையாளம் கண்டவர் இந்த வாரம் நாள் முழுதும் தூங்கி வழிந்தாலோ, அது பெரும்பாலும் மறதி நோயின் வேலை அல்ல. சிறுநீர்த் தாரையில் கிருமி, உடம்பில் நீர் வற்றுதல், ரத்தத்தில் உப்பு குறைதல், கீழே விழுந்து தலையில் பட்ட அடி அல்லது புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரென வரும் இந்தக் குழப்பத்துக்கு டாக்டர்கள் டெலிரியம் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளியக்கூடியது அது.

வயதாக ஆக சிறுநீரகமும் ஈரலும் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்குகிறது. நோயுற்ற மூளையோ மருந்தைச் சற்றும் தாங்காது. ஆகவே 50 வயதில் ஒத்துக்கொண்ட அதே மாத்திரை 80 வயதில் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

ஞாபக மாத்திரைகள்

மறதி நோய்க்கென்று அதிகம் எழுதப்படுபவை டோனிபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின், மெமன்டின் ஆகிய நான்கு. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. சிலருக்குச் சிறிது காலம் அறிகுறிகளைத் தணிக்கின்றன. முதல் மூன்றும் செய்யும் வேலை ஒன்றே. மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சீக்கிரம் சிதைந்துவிடாமல் காக்கின்றன. ஆனால் அந்தப் பொருள் மூளையில் மட்டுமல்ல, குடலிலும் இதயத்திலும் சிறுநீர்ப்பையிலும் வேலை செய்கிறது. அதனால்தான் குமட்டல், பேதி, பசியின்மை, எடைக் குறைவு, நாடித் துடிப்பு மந்தமாதல், மயக்கம், அடிக்கடி சிறுநீர் என்று பக்க விளைவுகள் வருகின்றன.

டோனிபெசில் வழக்கமாக இரவில் 5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து 10-க்கு உயர்த்தப்படும். சிலருக்கு இரவில் அலறி எழுப்பும் கனவுகள் வரும். அம்மாவுக்கும் வந்தது. டாக்டரிடம் சொன்னதும் மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றச் சொன்னார். கனவுத் தொல்லை நின்றது. இவ்வளவு எளிய மாற்றமே போதும் என்று பலருக்குத் தெரிவதில்லை.

ரிவாஸ்டிக்மின் மாத்திரையை உணவோடு கொடுக்க வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையாகவும் அது கிடைக்கிறது. புதுப் பட்டையை ஒட்டுமுன் பழையதை எடுத்தாக வேண்டும். முதுகில் பழையது ஒன்று இருக்க, மகன் ஒன்றும் மருமகள் ஒன்றும் ஒட்டினால் மருந்து இரட்டிப்பாகி ஆபத்தில் கொண்டு விடும். ஒட்டிய தேதியைப் பட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். இன்னொன்று: மூன்று நாட்களுக்கு மேல் இந்த மருந்து விட்டுப்போனால் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கக் கூடாது. டாக்டரைக் கேட்டுக் குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புபவர்கள் மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

மெமன்டின் வேறு வழியில் வேலை செய்வது. தலைச்சுற்றல், தலைவலி, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் வரலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஒரு மாத்திரைக்கு இன்னொரு மாத்திரை

மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து எழுதுவதும், அதன் பக்க விளைவுக்கு மூன்றாவதாக ஒன்று எழுதுவதும் உலகம் முழுவதும் நடப்பதுதான். கனடாவைச் சேர்ந்த பௌலா ரோஷனும் அமெரிக்காவைச் சேர்ந்த ஜெரி குர்விட்ஸும் 1990-களில் இதை மருந்துச் சீட்டின் சங்கிலி என்ற பொருளில் விவரித்து எழுதினார்கள். எங்கள் வீட்டில் 2019-ல் நடந்தது இதற்குச் சரியான உதாரணம்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்காக ஊரிலேயே அட்டெனலால் எழுதியிருந்தார்கள். தில்லியில் டோனிபெசில் சேர்ந்து, 10 மில்லிகிராமுக்கு ஏறியது. இரண்டும் நாடித் துடிப்பை மந்தமாக்குபவை. அம்மாவுக்குத் தலைச்சுற்றல் வந்தது. பார்த்த டாக்டர் சின்னரிசின் எழுதினார். அடுத்தடுத்த முறை காட்டியபோதும் அதையே தொடரச் சொன்னார். நான்கைந்து மாதங்களில் அம்மாவின் நடை சிறு சிறு அடிகளாகச் சுருங்கியது. கை நடுங்கியது. முகத்தில் சிரிப்பு போய் ஒரே மாதிரி இருந்தது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. இன்னொரு டாக்டர் இதை நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் என்று கருதி டிரைஹெக்சிபெனிடில் எழுதினார். மூன்றாம் நாள் அம்மா இரவு முழுதும் தூங்கவில்லை. "வாசல்ல யாரோ நிக்கிறாங்க பாரு, உள்ள வரச் சொல்லு" என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிறுநீரும் பிரியவில்லை.

அன்று முதியோர் மருத்துவம் படித்த ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் கேட்டது, "வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டு வந்தீர்களா?" என்றுதான். பிறகு நாடியைப் பிடித்துப் பார்த்தார். நிமிடத்துக்கு 46. இ.சி.ஜி. எடுக்கச் செய்தார். சின்னரிசினையும் டிரைஹெக்சிபெனிடிலையும் நிறுத்தினார். அட்டெனலாலைப் படிப்படியாகக் குறைத்து வேறு ரத்த அழுத்த மருந்து கொடுத்தார். டோனிபெசிலை 5-க்கு இறக்கினார். வாசலில் நின்றவர்கள் நான்கு நாட்களில் போய்விட்டார்கள். உடம்பின் விறைப்பு குறைய மூன்று மாதமாயிற்று. பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் அம்மா தம் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்கள். பார்க்கின்சன் என்று விட்டிருந்தால் அந்த இரண்டு வருடம் கிடைத்திருக்காது.

தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் நம் நாட்டில் சாதாரணமாக எழுதப்படும் சின்னரிசின், புளூனாரிசின், புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைடு ஆகியவை வயதானவர்களுக்கு இப்படிப் பார்க்கின்சன் போன்ற விறைப்பைக் கொண்டுவரக் கூடும். நெஞ்செரிச்சலுக்கான சில மாத்திரைகளில் லெவோசல்பிரைடு என்ற மருந்தும் கூட்டாகச் சேர்ந்திருக்கும். அதுவும் இதே வகைதான். அட்டையின் பின்னால் இருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் சாதாரண மாத்திரைகள்

தில்லியின் மார்கழிக் குளிரில் மூக்கொழுகாத வீடு கிடையாது. கடையில் சளி மாத்திரை வாங்கி வீட்டில் எல்லோருக்கும் ஒன்று கொடுப்பது வழக்கம். அதில் பெரும்பாலும் குளோர்பெனிரமின் போன்ற ஒவ்வாமை மருந்து இருக்கும். அது அசிட்டைல்கோலினைத் தடுப்பது. ஞாபக மாத்திரை எதை வளர்க்கப் பார்க்கிறதோ, அதையே இது அழுத்துகிறது. விளைவு குழப்பம், வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர்த் தடை.

இதே குணம் உள்ளவை இன்னும் உண்டு. நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசின், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்சிபியூடினின் ஆகியவை அவற்றில் சில. டோனிபெசிலால் சிறுநீர் அவசரம் அதிகமாகி, அதற்கு ஆக்சிபியூடினின் எழுதப்பட்டு, அதனால் குழப்பம் கூடுவதும் ஒரு சங்கிலியே. முதியவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளை அமெரிக்க டாக்டர் மார்க் பியர்ஸ் 1991-ல் பட்டியலிட்டார். பியர்ஸ் பட்டியல் என்று பெயர் பெற்ற அது 2023-ல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. "இந்த மருந்து பியர்ஸ் பட்டியலில் இருக்கிறதா?" என்று உங்கள் டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

கோபத்துக்கும் தூக்கத்துக்கும்

இரவில் தூங்காமல் கதவைத் தட்டுவது, அடிக்க வருவது, "என் நகையைத் திருடிவிட்டாய்" என்று மருமகளைக் குற்றம் சாட்டுவது போன்றவை வரும்போது ரிஸ்பெரிடோன், குவெடியபின், ஒலான்சபின், ஹேலோபெரிடால் போன்றவை எழுதப்படுகின்றன. சில நேரங்களில் இவை தேவைப்படவே செய்யும். ஆனால் 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மறதி நோயுள்ள முதியவர்களிடம் நடந்த 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 10 வாரங்களில் மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு சுமார் 4.5 பேரும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 பேரும் இறந்திருந்தார்கள். 2008-ல் ஹேலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை விரிந்தது. பக்கவாதம், விறைப்பு, கீழே விழுதல் ஆகிய அபாயங்களும் உண்டு.

லூயி பாடி டிமென்ஷியா என்று ஒரு வகை இருக்கிறது. தொடக்கத்திலேயே இல்லாத மனிதர்களும் விலங்குகளும் கண்ணுக்குத் தெரிவது, நாளுக்கு நாள் தெளிவு மாறுவது, உடல் விறைப்பது இதன் அடையாளங்கள். இவர்களுக்கு இந்த மருந்துகள், முக்கியமாக ஹேலோபெரிடால், மிகக் கடுமையாகத் தாக்கக் கூடும். ஆகவே இந்த வகை மருந்தை எழுதும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தத் தொல்லைக்காகக் கொடுக்கிறீர்கள்? எவ்வளவு குறைந்த அளவில் தொடங்கலாம்? எப்போது நிறுத்திப் பார்ப்போம்? மருந்து தொடங்கியபின் காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம் ஆகிய தூக்க மாத்திரைகள் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கூட்டும். இரவில் பாத்ரூமுக்கு எழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் பல பேர். அதற்காக, பல மாதமாகச் சாப்பிடும் இந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும்

காலை மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லியைத் தொடாமல் எழுந்து போய்விடுவது மறதி நோயில் சகஜம். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அப்போது சர்க்கரை அளவு ஆபத்தாகக் குறையும். வியர்வை, நடுக்கம், உளறல், மயக்கம் தெரிந்தால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். மாத்திரையைச் சாப்பாடு உள்ளே போவதைப் பார்த்துக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி-12 சத்துக் குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கு இது இன்னும் அதிகம். அதுவும் மறதியைக் கூட்டும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் அளந்து பாருங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள மின்னணுக் கருவியே நாடித் துடிப்பையும் காட்டும். அதையும் எழுதி வையுங்கள். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரைகளும், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். ஜூன் மாத தில்லி வெயிலில் தண்ணீர் கேட்கத் தெரியாத முதியவருக்கு இது இரட்டை ஆபத்து.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, மருந்தின் பெயர், அளவு, யார் எழுதியது, எதற்காக, எப்போது தொடங்கியது, பிறகு கண்ட மாற்றம் என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை எடை. தூக்கம், மலம், சாப்பாடு பற்றி நாள்தோறும் ஒரு வரி. டாக்டருக்கு நம்மிடம் செலவிட ஐந்து நிமிடம்தான் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் இந்த நோட்டு பேசும்.

இரண்டாவது, ஊர் டாக்டரின் சீட்டையும் தில்லி டாக்டரின் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும், உள்ளிருக்கும் மருந்து ஒன்றாக இருக்கும். அரசு மருந்தகத்தில் ஒவ்வொரு முறை வேறு கம்பெனி மாத்திரை கிடைப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம். அட்டையில் உள்ள மூல மருந்தின் பெயரையே நோட்டில் எழுதுங்கள். சித்த மருந்து, லேகியம், ஹோமியோபதி எதுவானாலும் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாவது, ஒரே நேரத்தில் இரண்டு மருந்துகளை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் வேறு விஷயம். மற்றபடி, எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று அப்போதுதான் தெரியும்.

நான்காவது, மாத்திரையைப் பொடி செய்து தயிர் சாதத்தில் கலக்குமுன் கேளுங்கள். எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று பெயருடன் உள்ளவை மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். பலவற்றுக்குச் சொட்டு மருந்தோ, நாக்கில் கரையும் மாத்திரையோ கிடைக்கும். மாத்திரைப் பெட்டி நோயாளியின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி இருக்கட்டும். கொடுப்பது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

ஐந்தாவது நம்மைப் போன்றவர்களுக்கே உரியது. ஞாபகப் பரிசோதனையில் டாக்டர் இந்தியில் கேட்கும் கேள்விக்கு, தமிழ் மட்டும் தெரிந்த அம்மா விழிப்பது நோயினால் அல்ல. அதை வைத்து மருந்தின் அளவு உயர்ந்துவிடக் கூடாது. ஆகவே கேள்வியைத் தமிழில் அப்படியே சொல்லவும், பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவும் ஒருவர் உடன் போக வேண்டும். "வயிற்றைப் பிசைகிறது", "கிறுகிறுப்பு", "படபடப்பு" என்று பெரியவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு போய் விளக்குங்கள்.

மயக்கம், மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், வலிப்பு வந்தால் காத்திராமல் 112-ஐக் கூப்பிடுங்கள். மருந்தின் பக்க விளைவைப் பொதுமக்களே தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உண்டு. நம் பக்கத்திலுள்ள காசியாபாத்தில் இயங்கும் இந்திய மருந்து நூல் ஆணையம் இதை நடத்துகிறது. முதியோருக்கான உதவி எண் 14567. மறதி நோய்க் குடும்பங்களுக்காகவே 1992-ல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர்ஸ் அண்ட் ரிலேட்டட் டிஸார்டர்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குத் தில்லியிலும் கிளை இருக்கிறது.

டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். நோட்டைப் பார்த்தால் மகிழ்ச்சியே அடைவார். தமக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்காக நாம்தான் சொல்ல வேண்டும். இந்த வார இறுதியில் வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசை மேல் பரப்பி, நோட்டின் முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள். எந்த மாத்திரைக்கு எதிரே "எதற்காக" என்ற கட்டம் காலியாக நிற்கிறதோ, அடுத்த முறை டாக்டரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.